அவசரப் பிரிவு வாசலில் ஒரு பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நோயாளியின் உறவினர்கள் தகராறு, மருத்துவரைத் தாக்க முயற்சி என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. படித்துவிட்டு, சிலர் ‘டாக்டர்களுக்குத் திமிர்’ என்கிறார்கள், சிலர் ‘ஜனங்களுக்குப் பொறுமை இல்லை’ என்கிறார்கள். இந்தத் தகராறு எந்த இடத்தில் முளைக்கிறது என்பதைச் சமீபத்தில் கட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நியாயவிலைக் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டா பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில்தான் மோட்டார் போட முடியும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வைப்பது அதுதான். (பகலில் ஒழுங்காகக் கரண்ட் கொடுத்தாலே பாம்புக்கடியில் ஒரு பங்கு குறையும் என்பது என் அபிப்பிராயம். அது தனிக் கடிதம்.) மடை திருப்பப் போனபோது கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் முதுகில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. கண்ணாடி விரியன்.

தம்பி மகன் ஓடி வந்து, தோளில் கிடந்த துண்டை உருவி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டப் பார்த்தான். எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர்தான் கையைத் தட்டிவிட்டார். “கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, காலை ஆட்டாம வெச்சுக்கங்க” என்று ஒரு பலகைத் துண்டை வைத்துத் தளர்வாகச் சுற்றிவிட்டார். 108-க்கு போன் போட்டது அவர்தான். 2008 செப்டம்பரில் இந்த வண்டி வந்ததிலிருந்து எங்கள் ஊரில் அதைத் திட்டி நான் கேட்டதில்லை. அன்றும் சீக்கிரமே வந்தது. பாம்பை அடித்துக் கையோடு கொண்டுபோகலாம் என்று நாலு பேர் தடியோடு கிளம்பினார்கள். வண்டியில் வந்த தம்பி, “அது தேவையில்லைங்க, அதைத் தேடப் போய் இன்னொருத்தர் கடி வாங்காம இருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவசரப் பிரிவு வாசலில் ஒரு மேசை. சிஸ்டர் ஒருவர் நாடி, பிரஷர், விரலில் மாட்டுகிற கிளிப் எல்லாம் பார்த்துவிட்டு, என் மணிக்கட்டில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்றைக் கட்டினார். அவ்வளவுதான், உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியைப் பிரிக்கிற இந்த முறை, ‘தாய்’ என்று சொல்கிற அவசர சிகிச்சைத் திட்டத்தோடு வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நல்ல முறை. ஆனால் அந்த நேரத்தில் என் சம்சாரம் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏங்க, மஞ்சள்னா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. செக்யூரிட்டியைக் கேட்டோம். “ஒருத்தர்தான் கூட இருக்கணும், மத்தவங்க வெளிய போங்க” என்றார். எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் விட்டு, ஜன்னல் ஓரத்து ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டரை ஒட்டி நேரம் எழுதிவிட்டுச் சிஸ்டர் போய்விட்டார். இடையில் ஒரு தடவை வந்து என் கண் இமையைப் பார்த்தார், கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார், ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொன்னார். எண்ணினேன். மறுபடி போய்விட்டார். கால் வீங்கி முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாய் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

இந்த இடம்தான் ஆசிரியர் அவர்களே. பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? கடிபட்டுக் கிடக்கிறான், மருந்து இதே ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ஆனால் போடவில்லை. ரத்தத்தை எடுத்து மூலையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். எண்ணச் சொல்லி விளையாடுகிறார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலிலும் பாம்புக்கடிதான், இளவயதுப் பையன், வைக்கோல் பிடுங்கும்போது கையில் கடித்திருக்கிறது. அவனுக்கும் ஒரு குழாய். அவனுடைய மாமா குழாயை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சுப் பூஜையா பண்றாங்க?” என்று கத்தினார். குழாயைத் தொட்டதற்குச் சிஸ்டர் பதிலுக்குக் கத்தினார். மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி முதலிலிருந்து. மாமாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “இங்க வெச்சிருந்தா பையன் செத்துடுவான்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கோ ஒரு ஊரில் பச்சிலை கொடுக்கிறவர் இருக்கிறாராம்.

அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்பதை மறுநாள் ஒரு பயிற்சி மருத்துவர் எனக்குச் சொன்னார். விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைக் கெடுத்துவிடும். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அப்புறம் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாகி ஒட்டிக்கொண்டு நின்றால் உறைகிறது. தண்ணீராய் ஓடினால் விஷம் வேலை செய்கிறது, உடனே மருந்து. நாகமும் கட்டு விரியனும் ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பைப் பிடிக்கும். அதற்குத்தான் இமை சொருகுகிறதா, கழுத்து நிற்கிறதா, மூச்சுக்கு எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. அதாவது எதுவும் செய்யாமல் விட்டிருந்தார்கள் என்று நாங்கள் நினைத்த அந்த நேரம் முழுக்க, சோதனைதான் நடந்துகொண்டிருந்தது.

சரி, மருந்து இருக்கிறதே, எல்லோருக்கும் போட்டுவிட வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். கடித்த பாம்பெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை என்றார். விஷம் ஏறாதவருக்கு இந்த மருந்தால் பயன் இல்லை, ஒவ்வாமை மட்டும் வரலாம். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரிக்கிற மருந்து இது. அந்த விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்குகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். பாம்பைத் தூக்கி வரத் தேவையில்லை என்று 108 தம்பி சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது.

என் குழாயைச் சாய்த்தபோது அது ஓடியது. நானே பார்த்தேன். அதற்கப்புறம் அங்கே இருந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குப்பி குப்பியாக வெள்ளைப் பொடி, அதில் தண்ணீரை விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் கரைத்தார்கள். பத்துக் குப்பி. எல்லாவற்றையும் ஒரு சலைன் பாட்டிலில் சேர்த்து ஏற்றினார்கள். பாதி இறங்கியிருக்கும், உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கம், பல் கிட்டிக்கொண்டது. உடனே டிரிப்பை நிறுத்திவிட்டு, ஏற்கனவே தயாராக எடுத்து வைத்திருந்த ஒரு ஊசியைத் தொடையில் போட்டார்கள். வாசலில் எங்கள் ஆட்கள் “மருந்து ஒத்துக்கல, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ கொண்டு போயிடலாம்” என்று கிளம்பிவிட்டார்கள். தம்பி மகன் வண்டிக்கே போன் பண்ணிவிட்டான்.

அப்போதுதான் அந்தப் பயிற்சி மருத்துவர் (என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள்தான் இருப்பாள்) வாசலுக்குப் போய், “இந்த மருந்துல சில பேருக்கு இப்படி வரும்னு எங்களுக்குத் தெரியும்ணா. அதுக்குத்தான் ஊசியை முன்னாடியே எடுத்து வெச்சிருந்தோம். அப்பாவுக்குத் தடிப்பு அடங்கினதும் மெதுவா மறுபடி ஏத்துவோம். இப்ப வண்டியில ஏத்துனாதான் ஆபத்து” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தம்பி மகன் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான். எங்கள் ஆட்கள் சாதாரண ஆட்கள் இல்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள். அவர்கள் வாய் மூடி உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் வேறு வேலை இல்லாமல் வந்து பேசவில்லை. அந்த நேரத்தில் இரண்டு விபத்துக் கேஸ் வந்திருந்தது. அவளுக்கு நேரம் இருந்ததால் சொன்னாள் என்பதைவிட, அவளுக்கு அப்படி ஒரு சுபாவம் என்பதே சரி. அந்தச் சுபாவம் இல்லாத ஒருவர் அன்றைக்கு டியூட்டியில் இருந்திருந்தால் நான் பாதி மருந்தோடு ரோட்டில் போயிருப்பேன். இதை ஒருவருடைய குணத்தின் மேல் விட்டுவைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் பார்த்தேன். தலையில் அடிபட்டு, துண்டெல்லாம் ரத்தமாக ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள், வேட்டி சட்டையோடு, தானாக நடந்து வந்தார். நெஞ்சு கரிக்கிறது, கேஸ் ட்ரபிள் மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்சம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான். அவரை உட்கார வைக்காமல் நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போய் இ.சி.ஜி. எடுத்தார்கள். பெஞ்சில் ஒரே கூச்சல். “சிபாரிசோட வந்தா நடந்து வர்றவனுக்கு முதல்ல, ரத்தம் ஒழுகுறவனுக்குக் கடைசியா?” என்று. அந்த மனிதருக்கு மாரடைப்பு. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. தலைக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், அந்த ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார், கட்டுப் போட்டு ரத்தத்தையும் நிறுத்தியிருந்தார்கள். சிஸ்டர் செய்தது சரி. ஆனால் அது சரி என்று பெஞ்சில் இருந்த யாருக்கும் தெரிய வழியில்லை.

நான் வாழ்நாள் முழுக்க வரிசையைப் பார்த்தவன். ரேஷன் கடையில் சண்டை வருவது பொருள் இல்லாததால் அல்ல. பொருள் இருக்கிறதா இல்லையா, எப்போது வரும் என்று தெரியாததால்தான். காலையில் கடையைத் திறந்ததும் இருப்புப் பலகையில் ‘பாமாயில் வரவில்லை, வியாழன் வரும்’ என்று எழுதிவிட்டால் அன்றைக்குப் பாதிச் சண்டை கிடையாது. எழுத மறந்த நாளில் சட்டையைப் பிடிப்பார்கள். எல்லோரும் படிக்க மாட்டார்கள்தான். ஒருவர் படித்தால் போதும், வரிசையில் இருக்கிற பத்துப் பேருக்கு அவரே சொல்லிவிடுவார்.

நான் போன மருத்துவமனையில் பலகைக்குப் பஞ்சம் இல்லை. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்று ஆளுயரத்துக்கு ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய நல்ல திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பக்கத்தில் இன்னொன்று, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் எத்தனை வருடம் ஜெயில் என்று. அதற்கான சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. வந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்தினார்கள். அந்தக் குற்றத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, நான் சொல்லவும் வரவில்லை. அடித்தால் என்ன தண்டனை என்று சுவரில் எழுதியிருக்கிறவர்கள், ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதலாமே என்றுதான் சொல்கிறேன்.

சொல்லாமல் விடுவதால் சிகிச்சையே கெட்டுப்போகிற இடமும் உண்டு. என் சம்சாரத்திடம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, “ஐயா ஒண்ணுக்குப் போறதை இதுல பிடிச்சு அளந்து வைங்கம்மா” என்றார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் கூச்சப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கக்கூஸில் கொட்டிக் கழுவிச் சுத்தமாக வைத்துவிட்டாள். காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், அளவு குறைகிறதா, நிறம் சிவக்கிறதா என்று பார்த்துத்தான் டயாலிசிஸ் வேண்டுமா என்று முடிவு செய்வார்களாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் பாட்டிலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிய மாதிரி பாதுகாத்திருப்பாள். அப்புறம் பாதுகாத்தாள். நோட்டில் எழுதிக்கூட வைத்தாள்.

வெளியே போன பையன் விடிவதற்கு முன் திரும்பி வந்தான். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாமா எதுவும் பேசவில்லை. இந்தத் தடவை குழாயை வைத்தபோது தள்ளி நின்றார். பையனைச் சிவப்புக்கு மாற்றி உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டான், ஆனால் எனக்கு மருந்து ஏறிய நேரத்தில் அவனுக்கும் ஏறியிருக்க வேண்டியது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு ஆய்வு கணக்குச் சொல்கிறது. வருடத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வராமலேயோ, தாமதமாக வந்தோ போனவர்கள். வந்து சேர்ந்தவனையும் ஒரு வார்த்தை சொல்லாததால் திருப்பி அனுப்பினால் எப்படி? தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. எந்த மருத்துவமனைக்கு எத்தனை கேஸ் வந்தது என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். வரவேற்கிறேன். கூடவே நோயாளிக்கும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

கூடுதல் டாக்டர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டியதுதான், ஆனால் அதைக் கேட்டால் நிதி, பணியிடம், தேர்வு என்று கோப்பு எங்கேயோ போய் உட்கார்ந்துவிடும். இரண்டு காரியம் போதும். ராத்திரி ஷிப்டில் வாசலுக்கு வெளியே ஒரு ஆள், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை, உள்ளே கேட்டு வந்து உறவினரிடம் சொல்லத் தெரிந்தால் சரி. பகலில் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் இருப்பது போல. அப்புறம் ஒரு பலகை. வாசகத்தை நானே எழுதி நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் வாசகர்களில் மருத்துவர்கள் இருந்தால் திருத்தட்டும்:

“இங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை கிடையாது. உயிருக்கு ஆபத்து அதிகமானவருக்கு முதலில். சிவப்புப் பட்டை: இந்த நிமிடமே சிகிச்சை. மஞ்சள்: ஆபத்து வரலாம், உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம். பச்சை: இப்போது ஆபத்து இல்லை, காத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், வலி கூடினால் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், நிறம் மாற்றப்படும். பாம்புக்கடிக்கு எடுத்த ரத்தக் குழாயை 20 நிமிடம் யாரும் தொடக் கூடாது. அதுதான் சோதனை.”

வாசகத்தைப் படித்துவிட்டு அந்த அதிகாரி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் சுவரில் எதுவும் எழுத முடியாது என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் அரசாங்க முத்திரையோடு வேலை பார்த்தவன்தான். எங்கள் கடைப் பலகையை எழுதிக் கொடுத்த பெயின்டர் இன்னும் தொழிலில் இருக்கிறார், கூலிக்கும் பெயின்டுக்கும் நான் பொறுப்பு. மக்கள் நல்வாழ்வுத் துறையிலிருந்து ஒரு வரி அனுமதி வந்தால் போதும். பலகையில் பெயர், ‘உபயம்’ எதுவும் போடச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
காவிரி டெல்டா
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். போட்டால் எந்த ஆஸ்பத்திரி என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தச் சிஸ்டர்களுக்குத்தான் மெமோ வரும்.)